கரண்ட் கேட்காத பெட்டி: ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட்

"ரீச்சர், வயர் எவ்வளவு தூரத்துக்கு வேணும்?"

பாடசாலையோ வாசிகசாலையோ கோயில் மடமோ, பாட்டுச் சொல்லிக் கொடுக்க எங்கே போனாலும் வாசலிலேயே இந்தக் கேள்விதான் வரும். பிளக் எங்கே இருக்கிறது, அது வேலை செய்கிறதா, அதிபரின் அறைத் திறப்பு யாரிடம் என்று ஒரு ஓட்டம் தொடங்கும். நான் கையிலிருக்கும் கறுப்புப் பெட்டியைக் கீழே வைத்து, "இதுக்குக் கரண்ட் வேண்டாம், அண்ணை" என்பேன். 2018 இலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறேன். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். பெயர் ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட். ஜப்பான் கம்பனி செய்த, பற்றரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி.

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன். பாட்டு எழுதுவேன், கிற்றாரோடு பாடுவேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் 14 பிள்ளைகள் இருப்பார்கள். மற்ற நாட்களில் பெரும்பாலும் பஸ்ஸில்தான் இருப்பேன். பருத்தித்துறைப் பக்கம் ஒரு முன்பள்ளி, தீவுப் பகுதியில் ஒரு பாடசாலை, மாதத்தில் ஒரு கலியாணவீடோ பிறந்தநாளோ. முதுகில் கிற்றார், ஒரு கையில் பெட்டி, மறு கையில் குடை. கொண்டக்டர்மாருக்கு என்னைத் தெரியும். "அக்கா, பெட்டியை முன்னுக்குக் கியர்ப் பக்கம் வையுங்கோ" என்று அவர்களே இடம் பார்த்துத் தருவார்கள்.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்னர் எங்கே பாடினாலும் சவுண்ட் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசு பல நாட்களில் எனக்குக் கிடைப்பதைவிடக் கூட. காசைக்கூட விடுங்கள். 30 பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஆளுயரப் பெட்டிகள் இரண்டு வந்து இறங்கும். சவுண்ட் காரத் தம்பி மைக்கை ஒரு தட்டுத் தட்டினாலே முன்வரிசைப் பிள்ளை காதைப் பொத்தும். பாட்டு என்றால் காதைப் பொத்த வேண்டிய ஒன்று என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் பிறகு அதை மாற்ற நாட்கள் பிடிக்கும். பக்கத்து ஊரான இணுவில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போனது. வித்துவான்கள் வீதியில் நின்று வாசித்தால் மைக்கே வேண்டாம், தேர் முட்டியிலிருந்து கடைத்தெரு வரை கேட்கும். என் குரலுக்கும் நைலோன் நரம்பு கிற்றாருக்கும் அந்த வலு இல்லை. எனக்குக் கொஞ்சம் துணை வேண்டும். கொஞ்சம் மட்டும்.

இந்தப் பெட்டி தருவதும் அந்தக் கொஞ்சம்தான். 5 வாட். ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டு. டோர்ச்சுக்குப் போடுவோமே, அந்த டபுள் ஏ பற்றரி ஆறு போட்டால் ஓடும். நிறை 5 கிலோவுக்குச் சற்று மேல். தரையில் வைத்தால் பெட்டி மேலே பார்த்துச் சரிந்து நிற்கும். பிள்ளைகள் தரையில் பாயில்தானே இருப்பார்கள், சத்தம் நேரே அவர்கள் முகத்துக்குப் போகும். மைக்குக்கு ஒரு வழி, கிற்றாருக்கு ஒரு வழி. ஃபோனிலிருந்து இசை விடுவதற்கும் ஒரு துளை உண்டு. கிற்றார் சுருதி பார்க்கும் கருவியும் உள்ளேயே இருக்கிறது. எங்கள் வெயிலில் பஸ்ஸால் இறங்கும்போது ஆறு நரம்பும் ஆறு பக்கம் போயிருக்கும். பிள்ளைகள் வரிசையாக வந்து இருப்பதற்குள் சத்தமில்லாமல் சுருதி சேர்த்து விடலாம்.

ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் பாஸ் எப்படி என்று கேட்பார்கள். நான் பாட்டு எழுதுகிறவள், எனக்குச் சொல்தான் பெரிது. எந்தப் பெட்டியைச் சோதித்தாலும் மைக்கில் "வாழை, வாளை, வாலை" என்று மூன்றையும் சொல்லிப் பார்ப்பேன். எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியில் பிரித்துச் சொல்லலாம். இதற்கு முன் யாழ்ப்பாணத்து கடையொன்றில் ஆசைப்பட்டு ஒரு புளூடூத் பார்ட்டி ஸ்பீக்கர் வாங்கினேன். நிறம் நிறமாக லைட் எரியும், வாசலில் வைத்தால் தெருவே அதிரும். ஆனால் மூன்று சொல்லும் ஒன்றாகத்தான் கேட்டன. பாஸ் எழும்பி சொல்லின் விளிம்பை மூடிவிடும். அதோடு வந்த வயரில்லாத மைக்கில் பாடினால் குரல் ஒரு கணம் பிந்தி வரும், தாளத்தோடு பாடுகிறவருக்கு அது பெரிய கரைச்சல். ஒரு வருடத்தில் உள்ளிருந்த பற்றரி வீங்கியது. மாற்ற வழியில்லை, பெட்டி மூலைக்குப் போனது.

ரோலண்டில் மைக் பக்கம் இருக்கும் திருகுகள் கொஞ்சம்தான்: சத்தம், பாஸ், ட்ரெபிள், எதிரொலி. நான் பாஸை நடுவுக்குக் கீழே இறக்கி, ட்ரெபிளை நடுவுக்கு ஒரு நூல் மேலே வைப்பேன். எதிரொலி அறவே வேண்டாம். கலியாணவீட்டில் மெதுவான பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் விடுவேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லும்போது எதிரொலி இருந்தால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லில் ஏறிவிடும்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த வசதியைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் போனது. கிற்றார் பக்கத்தில் என்ன மாதிரிச் சத்தம் வேண்டும் என்று தெரிவு செய்ய ஒரு வட்டத் திருகு இருக்கிறது. மின்சாரக் கிற்றார் வாசிப்பவர்களுக்கான பல வகைகளுக்கு நடுவில் மைக் என்றும் ஒன்று உண்டு. அதில் வைத்தால் கிற்றார் வழியிலும் ஒரு மைக்கைச் செருகலாம். அன்றிலிருந்து வகுப்பில் நான் கிற்றாரைப் பெட்டியில் செருகுவதில்லை. 20, 30 பிள்ளைகள் சுற்றி இருக்கும்போது கிற்றார் சும்மாவே கேட்கும். ஒரு மைக் எனக்கு, மற்ற மைக் பிள்ளைகளுக்கு.

அந்த இரண்டாவது மைக் வந்த பிறகு வகுப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. பனையைப் பற்றி நான் எழுதிய ஒரு பாட்டு இருக்கிறது.

காத்து வந்தது சோ
காவோலை ஆடுது சரசர
பனங்காய் விழுந்தது தொம்!

"சோ" எல்லோருக்கும். "சரசர" ஒரு பக்கத்துக்கு மட்டும். "தொம்" மட்டும் மைக் வைத்திருக்கும் ஒரே பிள்ளைக்கு. அந்த ஒரு சொல்லுக்காக வரிசையில் நின்று காத்திருப்பார்கள். தாளம் சொல்லிக் கொடுக்கவும் இதுதான் என் வழி. தகிட என்று மூன்று, தகதிமி என்று நாலு, இரண்டையும் சேர்த்து ஏழு எண்ணி வந்தால் பனங்காய் விழும். ஏழு தாண்டி விழுந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், திரும்ப எண்ணுவோம். மிச்ரம் என்ற பெயரை நான் சொல்லும் முன்னரே அது அவர்கள் கைக்கு வந்துவிட்டிருக்கும்.

தீவுப் பாடசாலை ஒன்றில் தரம் 3 பிள்ளை ஒன்று. வகுப்பில் வாயே திறக்காது என்று வகுப்பு ரீச்சர் என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. நாலாவது தடவை போனபோது வரிசையில் தானாக வந்து நின்றது. மைக்கைக் கொடுத்தேன். "தொம்" என்றது, மெதுவாகத்தான். பெட்டியிலிருந்து அது திரும்பி வந்ததும் பிள்ளை எங்களைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தது. கிட்டப் போய் முன்பக்கக் கம்பி வலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை "தொம்" என்றது. கையில் அந்த அதிர்வு பட்டிருக்கும். பெரிய சவுண்ட் பெட்டிக்குக் கிட்டே ஒரு பிள்ளையை இப்படி விட முடியுமா?

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஷுவர் எஸ்எம்58. மேடைகளில் எல்லோரும் வைத்திருக்கும் அதே மைக்தான், 1966 இலிருந்து வருகிறது. முன்னால் வரும் சத்தத்தை எடுக்கும், பின்பக்கத்தை விட்டுவிடும். ஆகவே அதன் பின்பக்கம் பெட்டியைப் பார்க்கும்படி நின்றால், பெட்டியின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கூவாது. மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் முதலில் அதன் தலையைப் பொத்திப் பிடிப்பார்கள், உடனே பெட்டி கூவும். "ஐஸ்கிறீம் மாதிரிக் கீழே பிடியுங்கோ" என்று ஒரு தடவை சொன்னால் போதும், பிறகு அவர்களே ஒருவரையொருவர் திருத்துவார்கள். கொண்டென்சர் மைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி சரிவராது, அதற்கு வேண்டிய 48 வோல்ட் இது தராது.

இனி 5 வாட் போதுமா என்ற கேள்வி. என்னைக் கேட்டு வாங்க வந்தவர்கள் பாதிப் பேர் இந்த எண்ணைக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். வாட் பத்து மடங்கானால் சத்தமும் பத்து மடங்காகும் என்பது சரியில்லை. வாட் பத்து மடங்கு ஏறினால், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 10 கூடும், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் படும். இதே வரிசையில் இஎக்ஸ் என்று 50 வாட் பெட்டியும் இருக்கிறது. எட்டுப் பற்றரி, நிறை 7 கிலோவுக்கு மேல். பஸ்ஸில் போகிறவளுக்கு அந்த இரண்டு கிலோ பெரிய கணக்கு. வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்பது இன்னொரு கணக்கு. 4 மீட்டரில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்பதும் 16 மீட்டரில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்பதும் ஒன்றல்ல. ஆட்களைக் கிட்டே வைத்துக்கொள்வது பெட்டியைப் பெருப்பிப்பதை விட நல்லது.

இதை நான் தலையில் குட்டுப்பட்டுத்தான் கற்றேன். ஒரு பாடசாலை மைதானத்தில் 300 பிள்ளைகள், வெயில், நடுவில் நான். முதல் நாலு வரிசை பாடியது. பின்னால் இருந்தவர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒன்றும் கேட்காத இடத்தில் ஒரு பிள்ளை வேறு என்ன செய்யும்? தவறு என்னுடையது. வீட்டுக்கு வந்து இரவு நித்திரை வரவில்லை. அதன் பிறகு அதிபர்மாரிடம் முதலே சொல்லிவிடுவேன்: ஒரு தடவைக்கு 40 பிள்ளைகள், வட்டமாக, ஒரு மரத்துக்குக் கீழே. எல்லோருக்கும் வேண்டுமென்றால் ஒரே நாளில் நாலு தடவை பாடுகிறேன். தொண்டை காய்ந்துவிடும்தான், ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் தெரியும்.

நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்த 2022 ஐ நான் மறக்க மாட்டேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் குறைவு. பெட்டியைச் சைக்கிள் கரியரில் ரியூப் நாடாவால் கட்டிக்கொண்டு கிட்ட இருக்கும் ஊர்களுக்கு மட்டும் போனேன். எங்கள் வாசிகசாலையில் பின்னேரம் பிள்ளைகளைச் சேர்த்தோம். ரியூசனும் இல்லை, டீவியும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு லாம்பு, பெட்டியில் எரியும் சின்னச் சிவப்பு லைட், பிள்ளைகளின் சத்தம். ஒரு தாய் வாசலில் நின்று, "ரீச்சர், ஊரில ஓடுற ஒரே சாமான் உங்கட பெட்டிதான்" என்றார். ஆனால் ரூபா விழுந்து பற்றரி விலை எங்கேயோ போனது. ஆறு பற்றரி வாங்கும் காசில் வீட்டுக்கு மரக்கறி வாங்கலாம் என்ற நிலை. அப்போதுதான் சார்ஜ் பண்ணும் பற்றரிக்கு மாறினேன். பக்கத்து வீட்டு ஐயாவின் கூரையில் சோலார் இருந்தது, பகலில் அங்கே சார்ஜர் போடுவேன். அவருடைய பேத்தி இப்போதும் என் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறாள்.

பற்றரிக் கணக்கை விளக்கமாகவே சொல்கிறேன், இதில்தான் ஆட்கள் காசை வீணாக்குகிறார்கள். சாதாரண பற்றரி ஒன்று 1.5 வோல்ட், ஆறும் சேர்ந்தால் 9. சார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றரி 1.2, ஆறும் சேர்ந்தால் 7.2. குறைந்தாலும் பெட்டி அதை ஏற்றுக்கொள்ளும். நல்ல அல்கலைன் போட்டால் சுமார் 15 மணித்தியாலம் என்று கம்பனி சொல்கிறது. சார்ஜ் பற்றரியில் எனக்கு ஒரு வாரத்து வகுப்புகள் தாராளமாகப் போகும். இரண்டு தொகுதி, அதாவது 12 பற்றரி வாங்குங்கள். ஆறு பெட்டிக்குள், ஆறு பையில். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம், பலவீனமான ஒன்று மற்ற ஐந்தையும் இழுத்து விழுத்தும். மாரிக்கு இரண்டு கிழமை வெளியே போகாமல் இருந்தால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். ஒரு தடவை தெருவோரத்தில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிப் போட்டு, அது கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்துவிட்டது. அரை எலுமிச்சம்புளியும் பல் விளக்கும் பிரஷும் கொண்டு தகடுகளைத் துடைத்துக் காயவைத்து எடுத்தேன். பெட்டி பிழைத்தது.

நெடுந்தீவுக்குப் போகும் நாள் எனக்குப் பெருநாள். விடிய முதல் பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் வர புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான். அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம். சோளகக் காற்றுப் பெயர்ந்துவிட்டால் அலை படகுக்குள்ளேயே வரும். உப்புத் தண்ணீர் இந்த மாதிரிச் சாமான்களுக்கு எமன். பெட்டியை முதலில் பொலித்தீன் பையில், அதற்கு மேல் கழுவிக் காயவைத்த உரப்பையில் போட்டு வாயைக் கட்டுவேன். படகில் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் ஈரமான துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை. திருகுகள் இன்னும் கரகரக்கத் தொடங்கவில்லை.

அங்கே காற்றோடுதான் எனக்குப் போட்டி. தீவு முழுக்க பவளப் பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். முதல் தடவை காற்றுக்கு எதிராகப் பெட்டியை வைத்துப் பாடினேன், பாட்டெல்லாம் எனக்குப் பின்னால் போனது. ஒரு வயதான அம்மா வந்து, "பிள்ளை, காத்தை முதுகில வைச்சுப் பாடு மோனே" என்றார். கல் மதிலுக்கு முன்னால் பெட்டியை வைத்து, காற்று என் முதுகில் படப் பிள்ளைகள் எதிரில் இருந்தார்கள். கடைசி வரிசை வரை போனது. எந்தக் கையேட்டிலும் இது இருக்கும் என்று நினைக்கவில்லை. அன்று பாடி முடித்து வெளியே வந்தபோது தூரத்தில் குதிரைகள் இரண்டு நின்று எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் அவற்றுக்கும் ஒரு "தொம்" சொன்னார்கள்.

மட்டக்களப்புக்கும் ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலைகளுக்கும் இதே பெட்டி வந்திருக்கிறது. மலையகத்துக் குளிரில் கிற்றார் சுருதி ஏறும், பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, குறைகள். கைபிடி மேலே ஒன்றுதான், தோளில் போடும் பட்டியில்லை. பஸ் நிலையத்திலிருந்து நடக்கும்போது கை இழுக்கும். கூடாரப் பந்தலில் 200 பேர் சாப்பிட்டுக்கொண்டு கதைக்கும் கலியாணவீட்டுக்கு இது போதாது, அங்கே நான் இன்னும் சவுண்ட் வாடகைக்குத்தான் எடுக்கிறேன். ட்ரம்ஸோ தவிலோ பக்கத்தில் இருந்தால் இதைத் திறக்கவே வேண்டாம். கிற்றார் பக்கத்தில் இருக்கும் வகைகளில் பாதி, நைலோன் நரம்பு வாசிக்கும் எனக்கு ஒரு நாளும் பயன்பட்டதில்லை. ரொக் வாசிக்கும் தம்பிமாருக்கு அவை பிடிக்கலாம்.

ஆனால் தனியாகப் பாடுகிறவர்கள், கதை சொல்பவர்கள், முன்பள்ளி ரீச்சர்மார், அறநெறிப் பாடசாலை நடத்துபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இப்போது இதன் இரண்டாவது பதிப்பு வந்திருக்கிறது. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். வாங்கும் முன் பற்றரி வைக்கும் கதவைத் திறந்து தகடுகளைப் பாருங்கள், பிறகு "வாழை, வாளை, வாலை" சொல்லிப் பாருங்கள்.

என்னுடையதை ஒன்றுவிட்ட அண்ணா டொரொன்டோவிலிருந்து கொண்டுவந்து தந்தார், தன் உடுப்பைக் குறைத்துக்கொண்டு. உங்களுக்கும் அங்கிருந்து யாராவது கொண்டு வருவதானால் ஒன்றைக் கவனியுங்கள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்களுக்கு 230. அடப்டரில் 100 இலிருந்து 240 வரை என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. 120 என்று மட்டும் இருந்தால் இங்கே செருக வேண்டாம், அப்படியே வைத்துவிட்டு இங்கே ஒரு 9 வோல்ட் அடப்டர் எடுங்கள். கடைக்குப் போகும்போது பெட்டியையும் கொண்டு போங்கள், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்று பின்னால் படம் இருக்கிறது. தோள் பட்டிக்குச் சந்தையில் பாடசாலைப் பை தைக்கும் ஐயா ஒருவரிடம் கன்வஸ் துணியில் ஒரு உறை தைத்தேன். பக்கத்தில் 12 பற்றரிக்கு ஒரு பொக்கற்றும் வைத்துத் தந்தார்.